சாம்பல் கோழியும் சரிபாதிக் கணக்கும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் விலங்கியல் துறை முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "படித்த படிப்பு வாழ்க்கையில் எங்கே உதவிற்று என்று ஒரு கால்மணி நேரம் பேசுங்கள் அக்கா" என்றார். இந்த மேடையில் டாக்டர்கள், வக்கீல்கள், பெரிய அதிகாரிகள் எல்லாம் பேசியிருக்கிறார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது இலஞ்சிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாற்பது கோழி வளர்க்கிறேன். ஆகவே கோழியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். பின்னால் கொஞ்சம் கணக்கு வரும்.

நம் தென்காசி வட்டாரத்தில் கோழிக்கு நிறம் பார்க்கிற பழக்கம் பழையது. கோயில் கொடை என்றால் ஒரு சாமிக்குக் கருஞ்சேவல், இன்னொரு சாமிக்குச் செஞ்சேவல் என்று கேட்டு வாங்குவார்கள். அடுத்த ஊர் வரை தேடிப் போவார்கள். இந்த நிறங்களுக்கு நடுவே அபூர்வமாக ஒரு நிறம் தலைகாட்டும். மழைமேகம் போல, சிலேட்டைத் துடைத்தது போல, லேசாக நீலம் கலந்த சாம்பல். இறகு ஒவ்வொன்றின் விளிம்பிலும் பென்சிலால் வரைந்தது போல ஒரு கறுத்த கோடு ஓடும். பார்த்தவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்த்த உடனே கேட்கிற கேள்வி, "இதுல ஒரு ஜோடி கெடைக்குமா?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இங்கே படித்த பாடம் உதவிற்று. ஏனென்றால் இந்தச் சாம்பல் நிறத்தை ஜோடி வாங்கிக் காப்பாற்ற முடியாது. சாம்பலோடு சாம்பலைச் சேர்த்தால் சாம்பல் மட்டும் வராது. எத்தனை தலைமுறை சேர்த்தாலும் வராது.

விலங்கியல் படித்தவர்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ஆண்டலூசியன் கோழி என்று போடுவார்களே, அதேதான். ஸ்பெயின் நாட்டுப் பெயர் கொண்ட அந்தக் கோழியின் அழகே இந்த நீலச் சாம்பல்தான். அதை வளர்த்த வெள்ளைக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. நல்ல சாம்பல் ஜோடியாகப் பொறுக்கிச் சேர்த்தாலும் குஞ்சில் பாதி கறுப்பாகவும், அழுக்கு வெள்ளையாகவும் வந்துகொண்டே இருந்தது. இனம் சுத்தமில்லை என்று நினைத்து அவற்றைக் கழித்தார்கள். கழிக்கக் கழிக்க வந்தது.

1900இல் மெண்டலின் கணக்கு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அது பட்டாணிச் செடிக்கு மட்டுமல்ல, பிராணிகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் இங்கிலாந்தில் வில்லியம் பேட்சன் கோழிக் கொண்டையை வைத்துக் காட்டினார். 'ஜெனிடிக்ஸ்' என்ற சொல்லை 1905இல் உண்டாக்கியவரும் அவர்தான். அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர் பன்னெட். நாம் பரீட்சையில் நாலு கட்டம் போட்டு மார்க் வாங்கினோமே, அந்தப் பன்னெட் கட்டத்துக்குச் சொந்தக்காரர். அந்த இருவரும்தான் ஆண்டலூசியன் கோழிக்கும் கணக்குச் சொன்னார்கள்.

கணக்கு இதுதான். கறுப்பைக் கரைக்கிற ஒரு ஜீன் இருக்கிறது. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் கறுப்பு பாதி கரைந்து சாம்பலாகும். இருவரிடமிருந்தும் வந்தால் கறுப்பு அநேகமாக முழுவதும் கரைந்து, வெள்ளையில் அங்கங்கே சாம்பல் தெறித்தது போல ஆகும். யாரிடமிருந்தும் வராவிட்டால் முழுக் கறுப்பு. ஆக, சாம்பல் என்பது தனி இனமல்ல. கறுப்புக்கும் தெறிவெள்ளைக்கும் நடுவில் நிற்கிற ஒரு நிலை. அது எப்போதும் ஒரு கை கறுப்பையும் ஒரு கை வெள்ளையையும் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் சராசரியாக நூற்றுக்கு 25 கறுப்பு, 50 சாம்பல், 25 தெறிவெள்ளை. சாம்பலும் கறுப்பும் சேர்ந்தால் பாதி சாம்பல், பாதி கறுப்பு. சாம்பலும் தெறிவெள்ளையும் சேர்ந்தால் பாதி சாம்பல், பாதி தெறிவெள்ளை. இப்போது கடைசிக் கணக்கைக் கேளுங்கள். கறுப்பும் தெறிவெள்ளையும் சேர்ந்தால் நூற்றுக்கு நூறும் சாம்பல். சாம்பல் நிறமே இல்லாத இரண்டு கோழிக்குப் பிறக்கிற குஞ்சு மொத்தமும் சாம்பல்!

இதை நான் புத்தகத்தில் படித்தபோது நம்பினேன். வீட்டில் பார்த்தபோது ரசித்தேன். என்னிடம் இருந்தது ஒரு சாம்பல் பெட்டை, ஒரு சாம்பல் சேவல். இரண்டும் கறுப்புக் கோழி வழியில் வந்தவை. முதல் ஈட்டில் பதினோரு குஞ்சு பொரித்தது. ஐந்து சாம்பல், நாலு கறுப்பு, இரண்டு வெளுப்பு. குஞ்சுத் தூவியிலேயே நிறம் தெரிந்துவிடும். கறுப்புக் குஞ்சுக்கு வயிறு மட்டும் வெளுத்திருக்கும். சாம்பல் குஞ்சு சிலேட்டு நிறம். தெறிவெள்ளைக் குஞ்சு வெளிறிய சாம்பலாகவோ இளமஞ்சள் வெள்ளையாகவோ இருக்கும். ஒரு ஈட்டில் கணக்கு அப்படியே விழாது. நாலைந்து ஈடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தால்தான் பன்னெட் சொன்னதன் பக்கத்தில் வரும். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதினோரு குஞ்சை வைத்து விதியை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

பக்கத்து வீட்டு மயினி வந்து பார்த்தாள். "கருப்பையும் வெள்ளையையும் கறிக்குக் குடுத்துட்டு, சாம்பலை மட்டும் வச்சுக்கிட வேண்டியதுதானே? எதுக்கு இதுகளுக்கும் தீனி போடுதிய?" என்றாள். நியாயமான கேள்விதான். உலகம் முழுவதும் அபூர்வ நிறம் வளர்க்கிறவர்கள் முதலில் நினைப்பதும் அதுதான். ஆனால் மயினி கழிக்கச் சொன்ன அந்த இரண்டுதான் நூற்றுக்கு நூறு சாம்பல் கொடுக்கிற ஜோடி. அதைக் கறிக்கடைக்கு அனுப்பிவிட்டுச் சாம்பலை மட்டும் வைத்துக்கொண்டால், ஆயுள் முழுக்கப் பாதிக் குஞ்சைக் கழித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இதில் சில சூட்சுமங்கள் உண்டு. எந்த வெள்ளைச் சேவலும் இதற்கு ஆகாது. பண்ணை வெள்ளை லெகார்ன் கோழியின் வெள்ளை வேறு ஜீன். அதைக் கறுப்போடு சேர்த்தால் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே வரும், சாம்பல் வராது. உங்கள் சேவல் எந்த வெள்ளை என்று சந்தேகம் இருந்தால் ஒரு கறுப்புப் பெட்டையோடு சேர்த்து ஒரு ஈடு பொரிக்க விடுங்கள், குஞ்சே சொல்லிவிடும். இரண்டாவது, இந்த ஜீன் கறுப்பு நிறமியைத்தான் கரைக்கும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. கறுத்த வால் உள்ள செஞ்சேவலில் இது வந்தால் வால் சாம்பலாகும், கழுத்து சிவப்பாகவே இருக்கும். மூன்றாவது, சாம்பலிலும் வேறொரு சாம்பல் இருக்கிறது. லாவெண்டர் என்பார்கள். உடம்பு முழுக்க ஒரே வெளிர் சாம்பல், இறகு விளிம்பில் கறுத்த கோடு இருக்காது. அது ஒடுங்கு பண்பு. லாவெண்டரோடு லாவெண்டர் சேர்ந்தால் எல்லாம் லாவெண்டர்தான். அதற்குரிய ஜீனை 2008இல் கண்டுபிடித்துவிட்டார்கள். விற்கிறவர் எந்தச் சாம்பலை விற்கிறார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வாங்குகிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குற்றால மலைக்குப் பக்கத்தில் இருப்பதால் இன்னொரு பேச்சும் அடிபடும். "இது காட்டுச் சேவலுக்குப் பொறந்ததும்மா, அதான் இந்தக் கலரு" என்பார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சாம்பல் காட்டுக்கோழி இருப்பது உண்மை. அதிகாலையில் அதன் கூவலை மலையடிவாரத்தில் இருப்பவர்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதன் சாம்பல் இறகில் இருக்கிற கோலம் வேறு, நம் வீட்டுக் கோழியின் சாம்பல் வேறு. அதே நேரம் அந்தக் காட்டுக்கோழிக்கும் நம் கோழிக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றுதான் என்று டார்வின் எழுதினார். 2008இல் வந்த ஆராய்ச்சி, நம் கோழிகளின் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்கும் காரணமான ஜீன் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டிவிட்டது. உலகத்தில் கோடிக்கணக்கான பண்ணைக் கோழிகளின் மஞ்சள் காலில் நம் தென்னிந்தியக் காட்டின் முத்திரை இருக்கிறது. இது நமக்குப் பெருமை இல்லையா?

அந்தப் பறவைக்கு நிறமே எமனாகவும் இருந்தது. அதன் கழுத்து இறகில் மெழுகு சொட்டியது போல மஞ்சள் புள்ளிகள் உண்டு. மேல்நாட்டில் மீன் தூண்டிலில் கட்டுகிற செயற்கை ஈக்களுக்காக அந்த இறகுகளை ஏற்றுமதி செய்தார்கள். இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். ஆகவே நிறம் சேர்க்கிறேன் என்று யாரும் காட்டுக்குள் கண்ணி வைக்கக் கிளம்ப வேண்டாம். அது சட்டத்துக்கும் விரோதம், நிறமும் வராது.

வளர்ப்பு முறையைப் பற்றி நாலு வார்த்தை. சாம்பல் என்பதற்காகத் தனிக் கவனிப்பு ஒன்றும் இல்லை. நாட்டுக்கோழிக்கு உள்ளதுதான். ஒரு அடைக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கலாம். ஏழாம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிட வேண்டும். 21ஆம் நாள் பொரிக்கும். முதல் வாரங்களில் பருந்துக்கும் கீரிக்கும் பயந்து பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்க்க வேண்டும். குருணை, கம்பு போடலாம். பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்து ஈரப்படுத்தி, புற்று இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் கூடியிருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதம் கடையில் கிடைக்காது.

நம் ஊருக்கென்று உள்ள கஷ்டம் சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊர் ஜனமெல்லாம் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் குளிக்கப் போகும்போது, கோழி வளர்க்கிறவர்களுக்குத் தூக்கம் வராது. கூட்டுத் தரை நனைந்தால் ரத்தக் கழிச்சல் வரும். அந்த நோய்க் கிருமியின் முட்டை ஈரத்தில்தான் முதிர்ந்து நோயைக் கொடுக்கும். ஆகவே உமியைத் தடிமனாகப் போட்டு, அடிக்கடி கிளறி, ஈரமானதை அள்ளிவிட்டுப் புதிது போட வேண்டும். நான் சாரல் காலத்தில் அடை வைப்பதைக் குறைத்து, தை மாசியில் கூடுதலாக வைக்கிறேன். இன்னொரு எமன் வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட். 1927இல் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் கண்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர். வந்தபின் மருந்து கிடையாது. முன்கூட்டித் தடுப்பு மருந்துதான். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டு நாள் தவறாமல் போட்டுவிடுங்கள். அபூர்வ நிறம் என்று கழிச்சல் விட்டுவைக்காது.

இப்போது இந்தப் பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி. பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் வெளியூரில் லோடு வண்டி ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கோழி வளர்க்கலாம் என்று நினைத்தாள். ஒருநாள் செல்போனை எடுத்துக்கொண்டு வந்தாள். வெளி மாவட்டத்தில் ஒருவர் சாம்பல் ஜோடியை, சாதாரண நாட்டுக்கோழியைப் போலப் பத்து மடங்கு விலைக்கு விற்கிறார். நாலு ஜோடி வாங்கினால் குஞ்சு எல்லாம் சாம்பலாகவே வரும், தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். "அக்கா, குழுப் பணம் வந்துட்டு. நாளைக்கு அனுப்பிரட்டுமா? அட்வான்ஸ் கேக்காவ" என்றாள்.

திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்ற வார்த்தையைத் தமிழ்நாடு ஏற்கனவே கேட்டிருக்கிறது. ஈமு கோழி என்ற பெயரில் அதே வார்த்தையைச் சொல்லித்தான் முதலீடு வாங்கினார்கள். 2012இல் அது குலைந்தபோது எத்தனையோ குடும்பங்கள் காவல் நிலையத்தில் போய் நின்றன. 2019இல் மகாராஷ்டிரத்தில் கடக்நாத் கோழியின் பெயரில் அதே கதை நடந்தது. கோழி மேல் குற்றமில்லை. கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டப் பழங்குடி மக்கள் வளர்த்துவந்த அருமையான இனம். அதன் இறைச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதன் கறுப்புத் தோல் ஓங்கு பண்பு, கலப்புக் குஞ்சிலும் தெரியும். ஆகவே கறுப்பைப் பார்த்து மட்டும் இனத்தை நம்ப முடியாது. சாம்பல் கோழியில் விஷயம் தலைகீழ். அசலே ஆனாலும் குஞ்சில் பாதி வேறு நிறமாக வரும். இரண்டிலும், நிறத்துக்கு விலை கொடுக்கிறவர் ஏமாற இடம் உண்டு.

நான் அவளிடம் அந்த ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நாலு கட்டம் வரைந்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், டக்கென்று புரிந்துகொண்டாள். "அப்ப குஞ்சு எல்லாம் சாம்பல்னு அந்த ஆளு சொல்லுதது நடக்காது. பாதிதான் தேறும். மீதியை அவரு வாங்க மாட்டாரு. அப்படித்தானக்கா?" என்றாள். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இந்தப் பாடத்தை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் விடை சொன்னதில்லை.

விற்றவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "உங்க பொரிப்புல கருப்பும் வெள்ளையும் எத்தனை வந்துது?" என்று. ஒன்றுகூட வரவில்லை, சுத்த இனம் என்று பதில் வந்தது. இறகு விளிம்பில் கறுத்த கோடு படத்திலேயே நன்றாகத் தெரிந்தது. அது லாவெண்டர் அல்ல. அவள் அட்வான்ஸ் அனுப்பவில்லை. நான் என் கூட்டிலிருந்து ஒரு தெறிவெள்ளைச் சேவலையும் இரண்டு கறுப்பு விடைக்கோழிகளையும் கொடுத்தேன். மயினி கழிக்கச் சொன்னாளே, அதே வழி. முதல் ஈட்டில் பொரித்த ஒன்பது குஞ்சும் சாம்பல். தெருவே வந்து பார்த்தது. மயினிதான் முதல் ஆள்!

ஆனாலும் அவளுடைய வரவு சாம்பலை நம்பி இல்லை. முட்டையும், வளர்ந்த கோழியும்தான் வரவு. பிரானூர் பார்டர் ஓட்டலுக்குச் சாப்பிட வருகிறவர் இறகு நிறம் கேட்டுச் சாப்பிடுவதில்லை. சாம்பல் கேட்டு வருகிறவருக்குக் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கொடுக்கிறாள். கொடுக்கும்போதே, "இது ரெண்டையும் சேத்தா பாதிதான் வரும், முழுசும் வேணும்னா கருப்பும் வெள்ளையும் கொண்டு போங்க" என்று சொல்லிவிடுகிறாள். உண்மையைச் சொன்னதால் வியாபாரம் குறைந்ததாக அவள் சொல்லவில்லை. இப்போது கறுப்புக்கும் வெள்ளைக்கும்கூட ஆள் கேட்டு வருகிறது. குழுக் கடனை மாதம் தவறாமல் கட்டுகிறாள்.

இன்னொரு சின்னக் கணக்கு, மாணவர்களுக்காக. ஒரே சேவலும் பத்துப் பெட்டையும் உள்ள கூட்டத்தைப் பார்த்தால் பதினோரு உயிர். ஆனால் பரம்பரைக் கணக்கில் அதன் பலம் எவ்வளவு? சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். நாற்பதைப் பதினொன்றால் வகுத்தால் மூன்றரைக்குச் சற்று மேல். அதாவது நாலு கோழிக்குக்கூடச் சமமில்லை. அபூர்வ நிறம் என்று ஒரே சேவலின் வழியில் மகளையும் பேத்தியையும் சேர்த்துக்கொண்டே போனால் பொரிப்பு குறையும், குஞ்சு சோனியாகும், நோய்க்குத் தாங்காது. இரண்டு சேவல் ஆக்கினால் அந்தப் பலம் ஆறரையைத் தாண்டும். ஆகவே நானும் தங்கச்சியும் இன்னும் இரண்டு வீட்டாரும் சேவலை மாற்றிக்கொள்கிறோம். உறவில்லாத கறுப்புச் சேவல் எந்த ஊரில் இருந்தாலும் நமக்கு உதவும். கறுப்பு எங்கும் கிடைப்பதுதான் சாம்பலுக்குப் பலம்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. இந்த மாவட்டத்துக் கிராமங்களில் எந்தெந்த நிறக் கோழி, எத்தனை, என்ன பெயரில் இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்க் குறித்து வாருங்கள். செங்கோட்டைப் பக்கம் அவசியம் போங்கள். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் அது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கோழிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறத்தோடு கால் நிறம், கொண்டை, ஒரு ஈட்டு முட்டை எல்லாம் எழுதுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கேட்டால் வழி சொல்வார்கள். செலவு ஒரு நோட்டும் பஸ் காசும்தான். எங்கள் காலத்தில் நாங்கள் செய்யாத வேலை, நீங்கள் செய்யலாம். அந்த நோட்டு முடிந்ததும் எனக்கு ஒரு நகல் தாருங்கள். என் வீட்டுத் தெறிவெள்ளைச் சேவலில் ஒன்றை உங்கள் துறைக்குத் தருகிறேன், கறுப்புப் பெட்டையை நீங்கள் தேடிக்கொள்ளுங்கள். பன்னெட் கட்டத்தைக் கரும்பலகையில் பார்ப்பதைவிடப் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்ப்பது நன்றாக இருக்கும்.